பின் பெஞ்சில் இரண்டு பேர்

ரெயூனியன் தீவில் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும்: கோயில் சங்கத் தலைவர்களுக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் குருக்கள்மாருக்கு, சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு, புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து காகிதம் கிடைத்து இங்கேயே நிலைத்துவிட்ட அண்ணன்மார், அக்காமாருக்கு.

வணக்கம்.

இதை பிரெஞ்சில் எழுதியிருந்தால் தீவு முழுக்கப் படித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கே பெயரில் தமிழ் இருக்கிறது, கோயிலில் தமிழ் இருக்கிறது, வீட்டில் கிரியோல். ஒன்றரை நூற்றாண்டு கரும்புத் தோட்டத்தில் கிடந்த பிறகு அப்படித்தான் ஆகும், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இப்போது வேண்டியது இந்த வரியை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவர்கள். நாம் கொஞ்சப் பேர்தான். நான் கேட்கப்போகிற வேலையை இந்தத் தீவில் வேறு யாரும் செய்ய முடியாது.

வேலை இதுதான்: நீதிமன்றத்துக்குப் போய்ச் சும்மா உட்கார வேண்டும்.

சிரிக்காதீர்கள். முதலில் நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எந்த வருஷம், எந்தக் கட்டடம் என்று எழுத மாட்டேன். அந்தப் பையனின் வழக்கு இன்னும் முடியவில்லை.

இலங்கையிலிருந்து ஒரு படகு வந்திருந்தது. வந்தவர்களை அடைத்துவைத்து நாலு நாளாகிவிட்டது, இன்று நீதிபதி முன்னால் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு வகுப்பு இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே விட்டுவிட்டார்கள். யார் நீ, எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்ன அறை. நீதிபதி அம்மா, எழுத்தர், பிரெஃபெக்ச்சூர் (அரசு நிர்வாகம்) தரப்பு வக்கீல், கை நிறையக் கோப்புகளோடு இவர்கள் தரப்பு வக்கீல். மேசை மேல் ஒரு தொலைபேசி, ஒலிபெருக்கியில். அதற்குள்தான் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பெஞ்சில் வரிசையாகப் பையன்கள், எல்லோர் காலிலும் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. பின் பெஞ்சில் நானும், ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சு அம்மாவும். அவர் மடியில் நோட்டு, கையில் பென்சில்.

மூன்றாவதாக வந்தவனுக்கு இருபது வயது இருக்கலாம். நீதிபதி கேட்டார்: "இறங்கியதும் உங்கள் உரிமைகளை உங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னார்களா?" தொலைபேசி அதைத் தமிழில் சொன்னது, நம் தமிழ்நாட்டுத் தமிழில். பையன் சொன்னான்: "தாள் ஒண்டு தந்தவை. பேந்து போனில ஒராள் வாசிச்சுக் காட்டினவர்." தொலைபேசி பிரெஞ்சில் சொன்னது: தாள் கொடுத்தார்கள், தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள். எழுத்தர் தட்டினார். அடுத்த கேள்வி. அவனுடைய விசாரணை முழுவதும் என் கைக்கடிகாரத்தில் பதினோரு நிமிஷம்.

இடைவேளையில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "அந்தப் பையன் நிறையப் பேசினான், தொலைபேசியில் ஒரு வரிதான் வந்தது. தமிழ் அவ்வளவு நீளமான மொழியா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 'பேந்து' எனக்கும் புரியவில்லை. காரைக்காலில் அந்தச் சொல் கிடையாது. ஏதோ பேச்சுக்கு நடுவில் வரும் அசை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் சாவகச்சேரிக்காரரான ஒரு கடைக்காரரிடம் அரிசி வாங்கப் போனபோது கேட்டேன். அவர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பேந்து எண்டால் பிறகு, மாஸ்டர். இழுத்துச் சொன்னவனோ?"

"ஆமாம், கொஞ்சம் இழுத்தான்."

"அப்ப கன நேரம் கழிச்சு."

பெயர்ந்து என்பதுதான் தேய்ந்து பேந்து ஆகியிருக்க வேண்டும் என்று இப்போது வகுப்பில் விளக்குகிறேன், பெரிய புலவர் மாதிரி. அன்றைக்கு விளக்கியிருந்தால் பிரயோசனம் இருந்திருக்கும். ஏனென்றால் சட்டம் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. எல்லையில் நிறுத்தி வைக்கப்படும் ஆளுக்கு அவர் உரிமைகளைப் புரிகிற மொழியில் கூடிய சீக்கிரம் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், மருத்துவர் கேட்கலாம், வக்கீலோடு பேசலாம், வெளியே யாருக்காவது தகவல் சொல்லலாம், புகலிடம் கேட்கலாம் என்பவையெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. தாள் கொடுத்ததற்கும் வாசித்துக் காட்டியதற்கும் நடுவே அரை மணியா, அரை நாளா? வக்கீல் பிடித்துக்கொண்டு வாதாடக்கூடிய கேள்வி அது. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த இடைவெளி பிரெஞ்சுக்கு வந்து சேரவே இல்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். அசை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ எங்கிருந்தோ, கரகரக்கும் தொலைபேசியில், முகம் பார்க்காமல், அடுத்தடுத்து எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறார். இரைச்சலில் அந்த ஒரு சொல் அவருக்குக் கேட்டிருக்கவே மாட்டாது. நான் அதே அறையில், நாலு முழத் தூரத்தில் இருந்தேன்.

சட்டம் எப்படி ஓடுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் வழியாக விசா இல்லாமல் வந்தவரை 'ஸோன் தத்தான்த்' என்ற காத்திருப்புப் பகுதியில் வைப்பார்கள். பத்துப் பேருக்குக் குறையாத கூட்டம் துறைமுகமில்லாத கரையில் இறங்கினாலும், அங்கேயே பக்கத்தில் ஓர் இடத்தைக் காத்திருப்புப் பகுதி என்று அறிவித்துவிடலாம். 2011 சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. முதல் நாலு நாள் நிர்வாகத்தின் கையில். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் நீதிபதி அனுமதிக்க வேண்டும்: எட்டு நாள். விதிவிலக்காக இன்னும் எட்டு. மொத்தம் 20 நாள். கடைசி நேரத்தில் புகலிடம் கேட்டால் கொஞ்சம் நீளும். இதற்குள் புகலிடம் கேட்டவரை, புகலிட மனுக்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான ஓஃப்ப்ராவின் அதிகாரி விசாரிப்பார், பெரும்பாலும் பாரிஸ் பக்கத்திலிருந்து தொலைபேசியில். 'வெளிப்படையாகவே அடிப்படையற்றது' என்று தோன்றினால் உள்துறை அமைச்சகம் நுழைவை மறுக்கும். மறுத்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக 48 மணி நேரம்தான். உள்ளே விட்டால் அப்புறம்தான் முழு மனு. ஓஃப்ப்ரா அதையும் நிராகரித்தால் மோந்த்ரேயில் இருக்கும் தேசிய புகலிட நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அந்த விசாரணை இங்கிருந்து காணொளியில் நடக்கலாம். மனுதாரர் இங்கே ஒரு அறையில், நீதிபதிகள் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

ஓஃப்ப்ரா விசாரணைக்கு நாம் போக முடியாது, அது மூடிய கதவு. மற்றவை, அதாவது காவலை நீட்டிக்கும் விசாரணை, அதன் மேல்முறையீடு, நிர்வாக நீதிமன்றம், காணொளி அறை, எல்லாமே சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தவை. நீதிபதி ஏதாவது காரணத்துக்காகக் கதவைச் சாத்தச் சொல்லலாம், புகலிட நீதிமன்றத்தில் மனுதாரரே கேட்டாலும் சாத்துவார்கள். அப்போது எழுந்து வந்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் யாரும் நம்மை வெளியே போகச் சொல்ல முடியாது. எழுதிக்கொள்ளலாம். படமோ ஒலிப்பதிவோ கூடாது, 1954இலிருந்து தடை. செல்போனைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

கதவு திறந்திருப்பதாலேயே ஆள் வந்துவிடுவதில்லை என்பதற்குப் பாரிஸில் ஓர் உதாரணம் இருக்கிறது. ரொஸ்ஸி விமான நிலையத்தில் காத்திருப்புப் பகுதிக்குப் பக்கத்திலேயே 2017 அக்டோபரில் ஒரு விசாரணை அறையைத் திறந்தார்கள். அதுவரை பொபிஞ்ஞி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவது வழக்கம். ஓடுபாதைப் பக்கத்தில் கோர்ட் வைத்தால் பொதுமக்கள் எப்படி வருவார்கள் என்று வக்கீல்கள் எதிர்த்தார்கள். எல்லைக் காத்திருப்புப் பகுதிகளைக் கவனிக்கிற அனாஃபே போன்ற சங்கங்களின் ஆட்கள் அங்கேயும் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். இங்கே நமக்கு நீதிமன்றம் பேருந்து தூரத்தில் இருக்கிறது.

இன்னும் பக்கத்துக் கதை தியேகோ கார்சியா. கனடா போகப் புறப்பட்டு 2021 அக்டோபரில் படகு பழுதாகி அந்தத் தீவில் மாட்டிக்கொண்டார்களே 89 தமிழர்கள், அவர்களைப் பற்றி உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கிருந்து மறுபடி படகேறி நம் தீவுக்கே வந்தவர்களும் உண்டு. அது பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த தீவு, உள்ளே அமெரிக்கப் படைத்தளம், வெளியாள் கால் வைக்க முடியாத இடம். 2024 ஜூலையில் அங்கே நடக்க வேண்டிய விசாரணை, அமெரிக்கா அனுமதி தராததால் நின்றுபோனது. செப்டம்பரில் நீதிபதி போனார், வக்கீல்கள் போனார்கள், அந்த விசாரணையை ஒட்டி பிபிசி நிருபர்களும் உள்ளே போனார்கள். கூடாரங்களையும் எலிகளையும் நிருபர்கள் அப்போது நேரிலேயே பார்த்தார்கள். டிசம்பரில் தீர்ப்பு: அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம். மூன்று வருஷம் பத்திரிகைக்காரர்களுக்குத் திறக்காத தீவு ஒரு விசாரணைக்காகத் திறந்தது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தில் நானே கேட்ட பேச்சுகள்தான். "அவங்க எல்லாம் ஏஜெண்டுக்குக் காசு கொடுத்து வேலை தேடி வர்றவங்க." சரி, சிலர் அப்படித்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள மீனவர்கள்கூட வந்தார்கள், படகில் எல்லோரும் தமிழர் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்குப் புகலிடம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. அவர் சொன்னது சொன்னபடி அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும்தான் நாம் பார்க்கப் போகிறோம். ஏஜெண்டுக்குக் காசு கொடுத்தவனுக்கும் 'பேந்து' என்றால் 'பிறகு'தான்.

"எங்க பாட்டன் முறையா ஒப்பந்தம் போட்டு வந்தாங்க." இதைச் சொன்ன பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால் பதிலும் மரியாதையாகவே சொல்கிறேன். முறை இருந்தது, உண்மை. 1860இல் பிரான்சும் பிரிட்டனும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆட்களைக் கப்பலேற்றலாம், ஆனால் தீவில் ஒரு பிரிட்டிஷ் கான்சல் இருந்து அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பார். ஏன் அப்படி ஒரு ஆள்? தோட்ட முதலாளி, ஒப்பந்தம், நீதிமன்றம் எல்லாமே ஒரு மொழியில், கூலி இன்னொரு மொழியில். யாராவது வெளியாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 1877இல் இரண்டு நாடும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழுவையே அனுப்பின. கூலி பாக்கி, அடி உதை, ஒப்பந்தம் முடிந்தும் விடாமல் பிடித்துவைத்தது எல்லாம் எழுத்தில் ஏறின. 1882இல் பிரிட்டிஷ் இந்தியா இந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. கிராந்த் ஷலூப் லசாரேவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமே, கப்பலிலிருந்து இறங்கியவர்களை முதலில் அடைத்துவைத்த கட்டடம். அதுவும் ஒரு ஸோன் தத்தான்த்தான். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் இன்றைக்கும் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிறது. முத்துசாமி, ராமசாமி எல்லாம் எழுத்தரின் காது வழியாக வந்ததால்தான் இன்றைக்கு வேறு மாதிரி உச்சரிக்கிறோம். பெயர் தப்பானால் பரவாயில்லை, காலப்போக்கில் அதுவே அழகாகிவிடும். தேதி தப்பானால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

"அரசியல் வேண்டாம், சங்கத்துக்குப் பிரச்சினை வரும்." சங்கத்தின் பெயரில் வர வேண்டாம். நெற்றியில் திருநீறும் வேண்டாம், சட்டையில் பேட்ஜும் வேண்டாம். ஆளாக வாருங்கள். பொது பெஞ்சில் உட்காருவது அரசியல் என்றால், பேருந்தில் உட்காருவதும் அரசியல்தான்.

நாம் உதவவே இல்லை என்று சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 13, சனிக்கிழமை, 120 பேரோடு படகு வந்தது நினைவிருக்கும், அதுவரை வந்தவற்றில் பெரியது. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. வேப்பம்பூவும் பாயசமுமாகக் கோயில்கள் நிரம்பி வழிந்தன. சோறு, துணி, போன் கார்டு எல்லாம் கொடுக்க நம்மவர்கள் முன்வந்தார்கள். அதே வாரம் பலரைத் தனி விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஈஸ்டர், கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டு வெடித்தது. சோறு கொடுத்த அளவுக்கு அந்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்தோமா? நான் உட்காரவில்லை. அப்போது எனக்கு இந்த விஷயமே தெரியாது.

இப்போது விசாரணை அறையில் என்ன செய்வது என்று சொல்கிறேன். அந்த பிரெஞ்சு அம்மாவின் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் நேரிலா, தொலைபேசியிலா. பிரெஃபெக்ச்சூர் வக்கீல் பேசியதை அவருக்குத் தமிழில் சொன்னார்களா, அல்லது கேள்வியையும் தீர்ப்பையும் மட்டுமா. (பெரும்பாலும் நடுவில் இருப்பது விழுந்துவிடும். பையன்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.) வக்கீலுக்கு முன்கூட்டியே பேச எவ்வளவு நேரம் கிடைத்தது. கடைசியில் 'ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று கேட்டார்களா. மீசை அரும்பாத பையன் யாராவது தனியாக வந்திருந்தால், அவனுக்காகச் சட்டப்படி நியமிக்க வேண்டிய பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கிறாரா. இதையெல்லாம் அந்த அம்மாவே எழுதிவிடுகிறார், நாம் இல்லாமலே. அவரால் முடியாதது ஒன்றே ஒன்று. அதுதான் நம் வேலை: அவர் சொன்னதும் பிரெஞ்சில் வந்ததும் ஒன்றா?

அதற்குத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை நான்தான் நிரூபித்துவிட்டேனே. யாழ்ப்பாணத்தார், வன்னியார், மட்டக்களப்பார் வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த எங்களுக்குச் சில சொற்கள் காதில் விழுந்தும் விழாது. 'இயக்கம்' என்றால் எங்களுக்கு ஒரு பொதுச்சொல், மரம் நடும் இயக்கம்கூட உண்டு. அங்கே அது ஒன்றைத்தான் குறிக்கும், விடுதலைப் புலிகளை. 'இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்' என்பதை 'ஒரு அமைப்புக்கு உணவு வழங்கினோம்' என்று மொழிபெயர்த்தால், கேட்கிறவருக்கு அன்னதானச் சங்கம் கண்ணில் தெரியும். 'நாலாம் மாடிக்குக் கொண்டுபோனவை' என்பதை 'நான்காவது மாடிக்கு அழைத்துச் சென்றனர்' என்று சொன்னால் சொல்லுக்குச் சொல் சரி. அது கொழும்பில் குற்றப் புலனாய்வுத் துறை வைத்து விசாரிக்கிற இடத்தின் பெயர், அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும் என்று யார் சொல்வது? 'புனர்வாழ்வு' போதைக்காரர்களுக்கான சிகிச்சை மாதிரி ஒலிக்கும். 2009க்குப் பிறகு பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிய முகாம்கள் அவை. வெள்ளை வான் வெறும் வண்டி நிறம் இல்லை, ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வண்டி. விதானையார் கொடுத்த கடிதம் ஏதோ உறவினர் கொடுத்த கடிதம் இல்லை, கிராம அலுவலர் கொடுத்தது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் அண்ணா. நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணா, பக்கத்து வீட்டுக்காரரும் அண்ணா. பிரெஞ்சில் அது ஃப்ரேர், கூடப்பிறந்தவன். முதல் விசாரணையில் 'எனக்கு ஒரு அண்ணா' என்பார். அப்புறம் 'அண்ணாவை ஆமி பிடிச்சது' என்பார், அது பெரியப்பா மகன். மூன்றாவது தடவை 'அண்ணா கனடாவில இருக்கிறார்.' கோப்பைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஆள் பொய் சொல்கிறார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நம்மைப் போலப் பேசினார், அவ்வளவுதான்.

தப்பாக மொழிபெயர்த்தது காதில் விழுந்தால் எழுந்து நின்று கத்தக் கூடாது. கத்தினால் நம்மை வெளியேற்றுவார்கள், அடுத்த தடவை எல்லாத் தமிழரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சீட்டில் எழுதி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். இரண்டாம் தடவை நான் தனியாகப் போகவில்லை, சாவகச்சேரிக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். நடுவில் ஓரிடத்தில் அவர் என் தொடையைக் கிள்ளினார். நான் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதி வக்கீல் அம்மாவின் கோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார், எழுந்தார், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னார். நீதிபதி கேட்டார். பதில் வேறாக வந்தது. எழுத்தர் திருத்தினார். ஆனாலும் எட்டு நாள் நீட்டித்துத்தான் உத்தரவு வந்தது. இதை மறைத்துச் சொன்னால் நீங்கள் ஒரு தடவை வந்து ஏமாந்து போய்விடுவீர்கள். உத்தரவு மாறவில்லை, பதிவு மாறியது. மேல்முறையீட்டுக்குப் போகிறவர் கையில் அந்தப் பதிவுதான் இருக்கும்.

அன்றைக்கு நடைக்கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. காவலோடு கூட்டிப் போன ஒருவர், நாற்பது வயதிருக்கும், எங்கள் தமிழ் காதில் விழுந்ததும் நின்று பார்த்தார். என் நண்பரைப் பார்த்துக் கேட்டார்: "எம்பசியோ?"

"இல்லை, தம்பி. நான் சாவகச்சேரி."

அவர் நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறைக்குள் அவர் பேசும்போது குரல் இன்னும் தாழ்ந்துபோனது. நாங்கள் இருந்ததால்தான்.

இதை நான் இரவெல்லாம் யோசித்தேன். உதவப் போன இடத்தில் நம் முகமே அவர் வாயை அடைத்துவிட்டால்? சும்மா போய் உட்கார வேண்டும் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பாதி உண்மைதான். போகும் முன் வக்கீலிடம் சொல்ல வேண்டும்: நாங்கள் இன்னார், இதற்காக வருகிறோம். வேண்டாம் என்று மனுதாரர் சொன்னால் வெளியே நிற்க வேண்டும், மனம் கோணாமல். ஊர் கேட்கக் கூடாது. 'எந்த இடம் நீங்கள்' என்பது நமக்கு உபசாரம், அவருக்கு விசாரணை. நோட்டில் பெயர் எழுதக் கூடாது, முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று எண் போதும். அப்புறம், தயவுசெய்து, அங்கே கேட்ட கதையைக் கோயிலில் பிரசாதத்தோடு பரிமாறக் கூடாது. இங்கே மண்டபத்தில் சொன்னது கொழும்புக்குப் போக ஒரு வாட்ஸப் போதும். நம் வாயைப் பற்றி நமக்கே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் உறுதி சொல்ல முடியாதவர்கள் வர வேண்டாம், அவர்கள் முன்போலச் சோறு கொடுக்கட்டும், அதுவும் தேவைதான்.

உங்கள் சொந்த வழக்கு இன்னும் முடியாமல் இருந்தால் நீங்களும் வர வேண்டாம். காகிதம் கைக்கு வந்தவர்கள் வந்தால் போதும்.

சங்கத் தலைவர்களிடம் நான் பணம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தைத் தாருங்கள், பூசை முடிந்த பிறகு. விசாரணையைக் கவனித்துப் பழகிய பிரெஞ்சுக்காரர்களில் ஒருவரைக் கூப்பிடுவோம், அறையில் எங்கே உட்காருவது, எப்போது எழுவது என்று சொல்லித் தருவார். யாழ்ப்பாணத்து அக்காமார் எங்களுக்குச் சொல் சொல்லித் தரட்டும். நாங்கள் அதற்கு பிரெஞ்சு எழுதித் தருகிறோம். முப்பது நாற்பது சொல் இருந்தால் வக்கீல்களிடமே ஒரு பிரதி கொடுக்கலாம். எப்போதும் ஜோடியாகப் போவோம், ஒருவர் இலங்கைத் தமிழ், ஒருவர் எங்கள் தமிழும் பிரெஞ்சும். படகு வந்த செய்தி கேட்டதும் நாலு நாள் எண்ண வேண்டும், அவ்வளவுதான் அவகாசம். அதனால் இப்போதே யார் எந்தக் கிழமை ஓய்வு என்று தெரிந்தால் நல்லது. சென்-அந்த்ரே, சென்-தெனிப் பக்கம் சில பேர், சென்-பியேர்ப் பக்கம் இரண்டு பேர் இருந்தால் சமாளிக்கலாம். குருக்கள்மாரே, உங்களுக்கு வெள்ளிக்கிழமை முடியாது என்று தெரியும். செவ்வாய் மத்தியானம்?

சாவகச்சேரிக்காரர் மறுபடியும் வரத் தயார். ஒரு சிக்கல் மட்டும். நேற்று கடையில் சொன்னார்: "நான் வாறன் மாஸ்டர், அது பிரச்சினை இல்லை. பேந்து கடையில ஆர் நிக்கிறது?"

விசாரணை நாளில் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை அவர் கல்லாவில் உட்கார ஒரு ஆள் வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், தமிழ்கூட வேண்டாம். யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்-அந்த்ரேயில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் காரைக்கால்காரன்